பூட்டில்லாத அலுமாரி: ‘நூலகம்’ பிறந்த கதை

மல்லிகை இதழின் பிற்காலப் பிரதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு முகவரி இருக்கும்: 201/4, ஸ்ரீ கதிரேசன் வீதி, கொழும்பு 13. கொட்டாஞ்சேனைப் பக்கம். 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய மாசிகை அது. போர் அவரைக் கொழும்புக்கு இடம்பெயர்த்தபோது இதழும் அவரோடு வந்தது. எழுத்தாளர், ஆசிரியர், வெளியீட்டாளர், தோளில் பை மாட்டிக்கொண்டு வீதியில் இறங்கி விற்பவர் என எல்லாமே அவர்தான். 2012 வரை அதை நடத்திவிட்டு, 2021 ஜனவரியில் அவர் காலமானார்.

இன்று மல்லிகையைத் தேடி யாரும் கதிரேசன் வீதிக்குப் போக வேண்டியதில்லை. பதுளையில் ஒரு மாணவி, கிண்ணியாவில் ஓர் ஆசிரியர், ரொறன்ரோவில் ஓர் ஆய்வாளர், யாராக இருந்தாலும் கைத்தொலைபேசியிலேயே பழைய இதழ்களைத் திறந்து வாசிக்கலாம். கட்டணம் இல்லை. அங்கத்துவ அட்டை தேவையில்லை. ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் மல்லிகையோடு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. ஈழத்துத் தமிழ் பேசும் சமூகங்களின் புத்தகங்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் அங்கே உண்டு. இதை எந்த அரசும் கட்டித் தரவில்லை. தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டினார்கள்.

இது ஏன் தேவைப்பட்டது என்பதை அறியப் பின்னோக்கிப் போக வேண்டும். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலிருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சின்னத் தொடக்கமே வளர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகமாயிற்று. 1981 மே 31 இரவு அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு உலகத்தை விட்டே போய்விட்டன.

எரிந்தது அந்த ஒரு நூலகம் மட்டுமல்ல. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பொரளையிலும் தமிழர் வீடுகள் எரிந்தபோது, அந்த வீடுகளின் புத்தக அலுமாரிகளும் சேர்ந்தே எரிந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது யார் புத்தகங்களைத் தூக்கினார்கள்? 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுத் தாக்கல் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அரை மணி நேரத்தில் அறையைக் காலிசெய் என்றால், பையில் அடையாள அட்டை போகும், மருந்து போகும், இரண்டு உடுப்புப் போகும். அப்பாவின் கவிதைத் தொகுதி போகாது. திரும்பத் திரும்ப இடம்பெயரும் ஒரு சமூகத்தின் எழுத்து, காகிதத்தில் மட்டும் இருக்கும்வரை பாதுகாப்பானதல்ல.

இணையம் அதற்கு ஒரு வழி காட்டியது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானில் விஞ்ஞானியாகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளிலுள்ள தமிழர்கள் சங்க இலக்கியங்களையும் காப்பியங்களையும் தட்டச்சுச் செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக இணையத்தில் வைத்தார்கள். சம்பளம் வாங்காமல், சேர்ந்து, ஒழுங்காக வேலை செய்தால் ஒரு மொழியின் செல்வத்தை உலகுக்கே பொதுவாக்கலாம் என்பதற்கு அது சான்றாயிற்று.

ஆனால் ஈழத்து எழுத்துக்குத் தனியான ஓர் இடர் இருந்தது. சங்கப் பாடல்களுக்குப் பல பதிப்புகள் உண்டு. கொழும்பு அச்சகமொன்றில் 1970களில் 500 பிரதி அச்சிட்ட ஒரு சிறுகதைத் தொகுதிக்கு மறுபதிப்பே வராது. கறையானுக்கும் மழைக்கும் ஷெல்லுக்கும் தப்பிய பிரதிகள் எத்தனை, யாரிடம் இருக்கின்றன என்பதே தெரியாது. இலண்டனில் வாழும் நூலகவியலாளர் என். செல்வராஜா, ஒரு தொகுதிக்கு 1000 நூல்கள் என்று ஈழத்து நூல்களின் குறிப்புகளைத் திரட்டி ‘நூல் தேட்டம்’ என்ற பட்டியலைத் தொகுத்தார். எந்தப் புத்தகங்கள் வெளிவந்தன என்பதற்கு அவருடைய பட்டியல் வழிகாட்டியது. அந்தப் புத்தகங்களையே கண்முன் கொண்டுவரும் வேலையை வேறு யாராவது செய்ய வேண்டியிருந்தது.

2005 ஜனவரியில் தி. கோபிநாத், மு. மயூரன் என்ற இரு இளைஞர்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். நாடு சுனாமியில் அடிபட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. யுத்த நிறுத்தம் ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. அவர்களிடம் கட்டடமோ நிதியோ இருக்கவில்லை. கணினியும் ஓர் இணையத்தளமும் இருந்தன; உதவ முன்வந்த நண்பர்கள் இருந்தார்கள். ஈழத்து நூல்கள் வெளிவருவதற்காகப் பல பத்தாண்டுகள் உழைத்த இ. பத்மநாப ஐயர் போன்ற மூத்தவர்கள் துணைநின்றார்கள். தொடக்கத்தில் மதுரைத் திட்டத்தைப் போலவே நூல்கள் எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்யப்பட்டன. பிறகு பக்கங்களை ஸ்கேன் செய்து பீடிஎஃப் கோப்புகளாக ஏற்றும் முறை வந்தது. அதன்பின் வேலை வேகமெடுத்தது. காலப்போக்கில் இம்முயற்சி நூலக நிறுவனம் என்ற இலாப நோக்கற்ற அமைப்பாயிற்று. கொழும்பு 6இலும் யாழ்ப்பாணத்திலும் அதன் பணிகள் நடந்தன.

வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஸ்கேன் செய்வது சின்ன வேலையாகத் தோன்றும். ஐம்பது வருடப் பழைய சஞ்சிகை ஒன்று கைக்கு வந்தால் முதலில் துருப்பிடித்த ஸ்டேப்ளர் ஊசியைத் தாளைக் கிழிக்காமல் கழற்ற வேண்டும். மடிந்த மூலைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். பக்க எண் தொடர்கிறதா, நடுப்பக்கம் காணாமற் போயிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் கண்ணாடியில் வைத்து எடுத்தபின், சரிந்த பக்கங்களை நேராக்கி, ஒரே கோப்பாகச் சேர்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்தால்தான் பாதி வேலை. ஆசிரியர் யார், வெளியீட்டாளர் யார், எந்த ஆண்டு, எத்தனை பக்கம் என்று ஒரு பதிவு எழுத வேண்டும். சஞ்சிகையானால் அதன் பொருளடக்கத்தையும் தட்டச்சுச் செய்ய வேண்டும். பொருளடக்கம் இருப்பதால்தான், மறந்துபோன ஒரு கவிஞரின் பெயரைத் தமிழில் தேடினாலே அவர் எழுதிய இதழ் கண்ணில் படுகிறது.

நூலகத்தில் எந்த நூலின் பக்கத்தைத் திறந்தாலும் நூலக எண் ஒன்று இருக்கும். கீழே ‘வாசிக்க’ என்ற தலைப்பில் கோப்புக்கான இணைப்பும், பக்கத்திலேயே அது எத்தனை எம்பி என்ற அளவும் இருக்கும். கவனிக்காமல் கடந்துபோகக்கூடிய சிறு தகவல் அது. ஆனால் டேட்டா கார்டுக்கு எண்ணி எண்ணிக் காசு கொடுப்பவருக்கு, சிக்னல் ஒரு கோடு மட்டும் விழும் தோட்ட லயத்தில் இருப்பவருக்கு, அந்த எண் பெரிய மரியாதை. தரவிறக்கும் முன்பே செலவு தெரிகிறது. எல்லோரையும் சேர்த்துக்கொள்வது இத்தகைய சின்னக் கவனங்களில்தான் நடக்கிறது.

சட்டத்தையும் அவர்கள் மதித்தார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அப்படியானால் இருபதாம் நூற்றாண்டு ஈழத்து எழுத்தின் பெரும்பகுதிக்கு எழுத்தாளரின் அல்லது குடும்பத்தின் அனுமதி வேண்டும். எழுத்தாளர்கள் பலர் மனமுவந்து அனுமதி தந்தார்கள். தம் புத்தகம் விற்பனையில் இல்லாதபோதும் வாசிக்கப்படட்டும் என்ற பெருந்தன்மைதான் இந்த அலுமாரியை நிரப்பியது.

அலுமாரியில் இடம்பெற்றவற்றுள் நினைவு மலர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்வெட்டு என்றும் இவற்றைச் சொல்வோம். ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாளில் குடும்பம் அச்சிட்டுக் கொடுக்கும் சிறு புத்தகம். அட்டையில் படம், உள்ளே தேவார திருவாசகம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, இறுதியில் நன்றி நவிலல். வீட்டுக்கு வந்ததும் அலுமாரி மூலைக்குப் போய்விடும். ஆனால் சிங்கப்பூர் மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஊர் திரும்பியவரும், பாடசாலைக்குக் காணி கொடுத்தவரும், ஊர்ச் சங்கக்கடையை நடத்தியவரும் வேறெந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் இருப்பது அந்த மலரில் மட்டும்தான். பெரியவர்களின் புத்தகங்களுக்குக் கொடுக்கும் அதே நூலக எண்ணை இவற்றுக்கும் கொடுத்து நூலகம் காப்பாற்றியது. சாதாரண மனிதருக்கும் வரலாறு உண்டு என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்த அலுமாரி இணைய உரிமையோடும் தொடர்புடையது. இணைய உரிமை என்றால் நாம் பெரும்பாலும் இணைப்பை மட்டுமே நினைக்கிறோம். அது அடிப்படை உரிமைதான். 2017 ஜனவரியில் கமரூன் அரசு ஆங்கிலம் பேசும் சிறுபான்மையினர் வாழும் இரு பிராந்தியங்களில் மட்டும் இணையத்தைத் துண்டித்து, 93 நாட்கள் அப்படியே வைத்திருந்தது. நமக்கும் அந்த அனுபவம் உண்டு. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திலும் பிற இடங்களிலும் குண்டுகள் வெடித்தபின் மீண்டும் முடக்கப்பட்டன. கொட்டாஞ்சேனையில் உறவினரைத் தேடியவர்கள் வாட்ஸ்அப்பும் இல்லாமல் தவித்த நாட்கள் அவை.

ஆனால் இணைப்புக் கிடைத்தபின் திரையில் நம் மொழி இல்லையென்றால் அந்த உரிமை அரைகுறைதான். மேற்கு ஆபிரிக்காவின் கினியில் 1989இல் இப்ராஹிமா, அப்துலாயே பாரி என்ற இரு சிறுவர்கள் தம் ஃபுலானி மொழிக்கு அட்லம் என்ற எழுத்தை உருவாக்கினார்கள். கையாலேயே பாடப்புத்தகங்களைப் பிரதி செய்து பரப்பினார்கள். கணினிகளின் பொது எழுத்துத் தரமான யுனிகோடில் அது சேர 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ் 1991லேயே யுனிகோடில் இருந்தது. ஆனாலும் நம் அச்சகங்கள் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே வேலை செய்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். இலங்கைக்கான தமிழ் எழுத்துத் தரமும் விசைப்பலகையும் 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்று வந்தன. ‘.இலங்கை’ என்ற முகவரி 2010இல் கிடைத்தது. எழுதக் கருவியும் முகவரியும் வந்தன. வாசிக்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, அதற்கு முன்பே பதிலைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது நூலகம்.

இன்னும் செய்ய வேண்டியது நிறைய. ஸ்கேன் செய்த பக்கம் ஒரு படம். கண்பார்வை இல்லாதவரின் கணினி அதை வாசித்துக் காட்டாது. அதை எழுத்தாக மாற்றினால்தான் அவருக்கும் புத்தகம் கிடைக்கும். நூலகத்தில் பல ஆவணங்களுக்கு ‘எழுத்துணரியாக்கம்’ என்ற இணைப்பும் இருப்பது இதனால் மிக முக்கியமானது. பார்வைக் குறைபாடு உள்ளோர் நூல்களைப் பெறுவதற்கான மராகேஷ் ஒப்பந்தத்தில் இலங்கை 2016இல் இணைந்தது. ஒப்பந்தத்தில் இணைந்த நாடு இந்த வேலைக்குப் பணமும் ஆளும் தர வேண்டும். தன்னார்வலரின் தோளிலேயே முழுப் பாரத்தையும் விடுவது நியாயமல்ல. மலையக மக்களின் தொழிற்சங்கப் பிரசுரங்களும், முஸ்லிம் சமூகத்தின் பழைய சஞ்சிகைகளும், கிழக்கின் கூத்துப் பிரதிகளும் முழுமையாக வந்து சேர வேண்டும். வாய்மொழி வரலாறுகளுக்கு ‘ஆவணகம்’ என்ற தளத்தில் இடம் இருக்கிறது. அதில் பேசக்கூடிய முதியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகிறார்கள்.

2022இல் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அச்சு என்றைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையில் இனியும் இருக்கக் கூடாது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளவத்தையில் பிளாட்டை விற்றுப் பிள்ளைகளிடம் போக ஆயத்தமாகிறவர்களே, கொட்டாஞ்சேனையில் பழைய வீட்டை ஒதுக்குகிறவர்களே, பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடும் முன் அந்தப் பெட்டிகளை ஒருமுறை திறந்து பாருங்கள். அட்டை கிழிந்த சஞ்சிகையும், ஊர்ச் சனசமூக நிலைய மலரும், தாத்தாவின் கல்வெட்டும் இருந்தால் ஸ்கேன் செய்யக் கொடுங்கள். எழுதியவரானால் அனுமதிக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுங்கள். நேரம் உள்ளவர்கள் மெய்ப்புப் பார்க்கலாம், வசதி உள்ளவர்கள் நிதி தரலாம். இரண்டு இளைஞர்கள் தொடங்கிய வேலை இது. ஒரு சமூகம் முழுவதும் கைகொடுத்தால்தான் முடியும்.