பகுதிநேரத் தொழில்நுட்பத் தலைமை

ஒரு நிறுவனத்தின் தொழில்நுட்ப முடிவுகளுக்குப் பொறுப்பேற்கும் மூத்த அலுவலரை முழுநேரச் சம்பளத்தில் வைக்காமல், வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் அல்லது மாதத்துக்குச் சில நாள் என்ற கணக்கில் அமர்த்திக்கொள்வது பகுதிநேரத் தொழில்நுட்பத் தலைமை எனப்படும். இவ்வாறு வருபவர் பெரும்பாலும் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று நிறுவனங்களில் இதே பொறுப்பில் இருப்பார். தொழில் வட்டாரத்தில் இவர் ‘ஃபிராக்‌ஷனல் சி.டி.ஓ.’; அலுவலகப் பேச்சில் ‘பார்ட் டைம் சி.டி.ஓ.’ தகவல் பாதுகாப்பை மட்டும் கவனிப்பவரை ‘விர்ச்சுவல் சிசோ’ என்கிறார்கள்.

ஆலோசகரிடமிருந்து இவரைப் பிரிப்பது அதிகாரம். ஆலோசகர் அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். இவரோ ஆளெடுப்பார், விற்பனையாளரின் விலைப்புள்ளியைத் திருப்பி அனுப்புவார், மென்பொருள் படுத்துவிட்டால் முதலாளி முன்னால் நின்று பதில் சொல்வார். பதவிப் பெயரைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கொடுக்காத நிறுவனங்களும் உண்டு. அங்கே நடப்பது விலை கூடிய ஆலோசனை, அவ்வளவே.

பின்னணி

ஒருவரே இரண்டு நிறுவனங்களை நடத்துவது புதிதல்ல. ஸ்டீவ் ஜாப்ஸ் 1997 முதல் 2006 வரை ஆப்பிளையும் பிக்சாரையும் சேர்த்தே நடத்தினார். ஜாக் டார்சி 2015 முதல் 2021 வரை டுவிட்டருக்கும் ஸ்கொயருக்கும் தலைமை அதிகாரியாக இருந்தார். ஆனால் அவை நிறுவனரின் செல்வாக்கால் நடந்தவை. சிறு நிறுவனங்களின் தேவைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. இன்றைய ஏற்பாட்டின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. நிரந்தர ஊழியரை விலக்குவது கடினமாக இருந்த நெதர்லாந்தில், 1970களில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் மேலாளரை அமர்த்தும் பழக்கம் பரவியது. பிறகு மேலை நாடுகளின் சிறு நிறுவனங்கள் நிதித் தலைவரைப் பகுதிநேரமாக வைத்துக்கொள்ளத் தொடங்கின. மாதக் கணக்கை முடிப்பதும் வங்கிக்கு அறிக்கை தயாரிப்பதும் நாள் குறித்துச் செய்யக்கூடிய வேலைகள் என்பதால் அது எளிதாகப் பிடித்துக்கொண்டது.

தொழில்நுட்பத் தலைமைக்கு அந்த வசதி வெகுநாள் இல்லை. சர்வர் அறை அலுவலகத்துக்குள் இருந்தவரை அதற்குப் பொறுப்பானவரும் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. 2006இல் அமேசான் தன் கணினிகளையும் சேமிப்பிடத்தையும் வாடகைக்கு விடத் தொடங்கியதிலிருந்து அந்தக் கட்டு மெல்லத் தளர்ந்தது. இயந்திரத்தைப் பராமரிப்பது வாடகைக்கு விட்டவர் பாடு என்றாயிற்று. எதை வாங்குவது, எதை நாமே எழுதுவது, யாரை வேலைக்கு எடுப்பது என்ற முடிவுகள் மட்டுமே நிறுவனத்தின் கையில் எஞ்சின. இத்தகைய முடிவுகள் தினமும் வருவதில்லை. 2020இன் பெருந்தொற்று, நேரில் வராமலே பதவி வகிக்கலாம் என்பதை முதலாளிகளுக்கும் பழக்கிவிட்டது.

வேலை

திருப்பூரின் நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொண்டால் இந்த வேலை விளங்கும். கணக்கு டேலியில் இருக்கும். ஆர்டர் விவரம் மெர்ச்சண்டைசரின் எக்செல் கோப்பில். சாயப்பட்டறைக்குப் போன துணி எத்தனை கிலோ, திரும்பியது எத்தனை கிலோ என்பது சூப்பர்வைசரின் வாட்ஸ்அப்பில் கிடக்கும். ஆர்டர் கூடக்கூட இம்மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. இவற்றை ஒன்றாக இணைக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருளை விற்பவர்கள் வரிசையாக வருவார்கள், எல்லாரும் ‘எல்லாம் பண்ணலாம் சார்’ என்பார்கள். டெமோவில் ஓடாத மென்பொருள் உலகத்தில் இல்லை.

வாரம் ஒருநாள் வரும் தொழில்நுட்பத் தலைவர் விற்பவரின் மாதிரித் தரவை ஒதுக்கிவைக்கச் சொல்வார். போன சீசனில் உண்மையாகவே ஓடிய ஒரு ஸ்டைலை எடுத்துக் கொடுப்பார்: ஐந்து அளவு, மூன்று நிறம், பாதியில் எண்ணிக்கையை மாற்றிய பையர், சாயத்தில் குறைந்த எடை, இரண்டு தவணையாகப் போன ஷிப்மெண்ட். ‘இதை ஓட்டிக் காட்டுங்கள்’ என்பார். பட்டியலில் பாதிப்பேர் அன்றே விடைபெறுவார்கள். இதற்கு ஆகும் நேரம் ஒரு பிற்பகல். எதைக் கேட்பது என்று தெரிந்திருப்பதற்குத்தான் காசு.

முதல் மாதத்தில் இவர் பார்ப்பவை பெரும்பாலும் பழைய ஓட்டைகளே. இணையதளப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? வேலையை விட்டுப் போன பையனின் சொந்த ஜிமெயிலில் என்பது அபூர்வமான பதில் அல்ல. கிளவுட் கணக்கின் முழு அதிகாரம் தரும் ‘ரூட்’ கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, மூல நிரல் நிறுவனத்திடமா அதை எழுதிக் கொடுத்தவரிடமா என்றெல்லாம் கேள்விகள் நீளும். ‘பேக்கப் இருக்கு’ என்றால் விடமாட்டார். அதிலிருந்து ஒருநாள் கணக்கை மீட்டு எடுத்துக் காட்டச் சொல்வார். வளர்ச்சித் திட்டம், செயற்கை நுண்ணறிவு என்ற பேச்செல்லாம் இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சட்டம்

இந்தியாவின் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனியும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ள பொதுக் கம்பெனியும் நிர்வாகத் தலைவர், கம்பெனிச் செயலர், நிதித் தலைவர் ஆகியோரை முழுநேரமாக வைத்தாக வேண்டும். துணை நிறுவனம் தவிர வேறு கம்பெனியில் அவர்கள் அதே சமயம் பதவி வகிக்கவும் பொதுவாக முடியாது. இந்தக் கட்டாயப் பட்டியலில் தொழில்நுட்பத் தலைவர் இல்லை. ஆகவே இத்தகைய கம்பெனியில் பகுதிநேர நிதித் தலைவருக்குச் சட்டத்தில் இடமில்லை; பகுதிநேரத் தொழில்நுட்பத் தலைவருக்கு உண்டு.

சிக்கல் வருவது பதிப்புரிமையில். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதும் நிரல் பொதுவாக முதலாளிக்கே சொந்தம். ஒப்பந்தக்காரர் எழுதுவது அப்படித் தானாக வந்து சேராது, எழுத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்கப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். இணையத்தில் எடுத்த மாதிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஏற்றுமதிச் சந்தைக்கான மென்பொருளைக் கட்டும் நிறுவனத்துக்கு இந்த இரண்டு வரிகளும் போதும், பின்னால் முதலீட்டாளரின் வக்கீல் முன்னால் திணற. ஒப்பந்தக்காரரின் படைப்பு தானாக வந்து சேராது என்பதில் அமெரிக்காவிலும் ஏறத்தாழ இதே நிலைதான். சிற்பி ஒருவரின் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, காசு கொடுத்துச் செய்யச் சொன்னதாலேயே படைப்பு உனக்குச் சொந்தமாகிவிடாது என்பதை உறுதிசெய்தது.

தகவல் பாதுகாப்புத் தலைவரைப் பொறுத்தவரை சில ஒழுங்குமுறை ஆணையங்கள் வெளிப்படையாகவே கதவைத் திறந்திருக்கின்றன. நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறையின் 2017ஆம் ஆண்டு விதி, அவர் வெளி நிறுவனத்தின் ஊழியராகவும் இருக்கலாம் என்கிறது. ஆனால் பொறுப்பு நிதி நிறுவனத்தையே சேரும், அவரை மேற்பார்க்க உள்ளே ஒரு மூத்தவர் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதியான ஜி.டி.பி.ஆர்., தரவுப் பாதுகாப்பு அலுவலரைச் சேவை ஒப்பந்தத்தில் அமர்த்த அனுமதிக்கிறது. அவருடைய மற்ற வேலைகள் இந்த வேலையோடு முரண்படக் கூடாது என்பது நிபந்தனை. இந்தியாவில் அரசின் சைபர் அவசர உதவிக் குழுவான ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரலில் இட்ட கட்டளைப்படி, சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மட்டும் வரும் அலுவலருக்காகத் தாக்குபவர் செவ்வாய்வரை காத்திருக்க மாட்டார். அதனால் மற்ற நாள்களில் யார் போனை எடுப்பது, யார் அறிவிப்பை அனுப்புவது என்பதை நல்ல ஒப்பந்தங்கள் பெயர் போட்டே எழுதுகின்றன.

பிரிட்டனில் வரித்துறையின் ஐ.ஆர். 35 விதி 2000 முதல் இருக்கிறது. தன் சொந்தக் கம்பெனி வழியாக வேலை செய்பவர் உண்மையில் ஊழியரைப் போன்றவரா என்று பார்த்து வரி போடுவது இது. தனியார் துறையில் அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு 2021 ஏப்ரலில் நடுத்தர, பெரிய நிறுவனங்களுக்கு மாறியது. சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு.

கட்டணமும் கமிஷனும்

பரவலான முறை மாதக் கட்டணம். நாள் கூலியும் உண்டு. இந்தியாவில் இவர் சம்பளக்காரர் அல்ல, தொழில்முறைச் சேவை தருபவர் என்ற கணக்கு. கட்டணத்தில் பொதுவாக 10 விழுக்காடு வரி பிடித்தம் செய்யப்படும். தமிழ்நாடு உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். கையில் காசில்லாத ஸ்டார்ட்அப்புகள் பங்கு தருவதாகச் சொல்லும். ஆனால் ஊழியர் பங்குத் திட்டம் இங்கே நிரந்தர ஊழியருக்கும், தனித்த இயக்குநர் அல்லாத இயக்குநர்களுக்குமே பொருந்தும். ஒப்பந்தத்தில் வருபவருக்கு அதைத் தர முடியாது என்பது பல நிறுவனர்களுக்கு வாக்குக் கொடுத்த பிறகே தெரியவருகிறது.

பலரும் பேசத் தயங்குவது கமிஷன். மென்பொருளைப் பரிந்துரைப்பவரே அதன் மறுவிற்பனையாளராகவும் இருந்தால், நிறுவனம் வாங்குவது ஆலோசனையா விளம்பரமா என்று தெரியாது. விற்பனையாளரிடமிருந்து எதையும் பெறுவதில்லை, பெற்றால் முன்கூட்டியே சொல்வேன் என்ற உறுதிமொழியை எழுத்தில் வாங்கிக்கொள்வது அநாகரிகம் அல்ல. போட்டி நிறுவனத்துக்கும் இவர் வேலை செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாட்டைச் செல்லாததாக்குகிறது. விலகிய பிறகு போட்டியாளரிடம் போகாதே என்று கட்டிப்போடுவது இந்திய நீதிமன்றத்தில் நிற்பது அரிது. ஆகவே வேலை செய்யும் காலத்துக்கு மட்டும் போட்டியாளர்களைப் பெயர் சொல்லி விலக்கிவைத்து, ரகசியக் காப்புக்குத் தனி உடன்பாடு போடுகிறார்கள்.

பகுதிநேரத் தலைமை ஒத்துவராத இடங்களும் உண்டு. மென்பொருளே விற்பனைப் பொருளாக உள்ள நிறுவனத்தில், தினமும் நிரலாளர்களோடு உட்கார ஒருவர் வேண்டும். வாரம் ஒருநாள் வருபவரின் முடிவுக்காக மற்ற நாள்களில் வேலை காத்துக்கிடக்கும். பணி வளர்ந்து முழுநேர ஆள் தேவைப்படும்போது, அவரைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலில் பகுதிநேரத் தலைவரே உட்காருவது வழக்கம். இருவரும் சில வாரம் சேர்ந்து வேலை பார்ப்பார்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் ரூட் கடவுச்சொற்கள் மாற்றப்படும், பழையவரின் அனுமதிகள் ஒவ்வொன்றாக நீக்கப்படும், விற்பனையாளர் ஒப்பந்தங்களில் தொடர்பாளராக உள்ள அவர் பெயரும் மாற்றி எழுதப்படும்.