சேவலின் சினம்



கொல்லைப்புறத்தில் கோழி வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. ‘இந்தச் சேவல் யாரையும் அண்டவிடுவதில்லை, குழந்தைகளைக் கண்டால் பாய்ந்து கொத்துகிறது’ என்பதே அது. சேவலின் இச்சினத்தைச் சிலர் வீரமென்று கொண்டாடினர். சிலர் தீக்குணமென்று வெறுத்துக் கத்தியைத் தேடினர். ‘இச்சினம் எங்கிருந்து பிறக்கிறது?’ என்று கேட்டவர் மிகச் சிலரே. அச்சிலரின் வரலாற்றை இன்று சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

நம் முன்னோர் சேவலின் சினத்தை வீரமாகவே போற்றினர். சோழரின் பழைய தலைநகரான உறையூருக்குக் கோழி என்றும் ஒரு பெயர் வழங்கியது. யானையைச் சேவலொன்று எதிர்த்து வென்ற இடம் அது என்பது மரபுக் கதை. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட நடுகல் ஒன்று உள்ளது. அது மனிதனுக்கு எடுத்த கல் அன்று. போரிட்ட சேவலுக்கு எடுத்த கல். அதன்மேல் சேவலின் உருவமும் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. ஓர் பறவைக்கு இத்துணைப் பெருமை செய்த அன்பு நம் வணக்கத்திற்கு உரியதே. ஆயினும், அச்சினத்தின் காரணத்தை அறியும் முயற்சி வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில் தொடங்கியது.

ஜெர்மனியில் கோட்டிங்கன் என்பது புகழ்பெற்ற பல்கலைக்கழக நகரம். அங்கே அர்னால்டு பெர்த்தோல்டு என்னும் பேராசிரியர் இருந்தார். விதை நீக்கப்பட்ட சேவல் கூவாது, சண்டையிடாது, அதன் கொண்டை சுருங்கிவிடும் என்பதைக் கோழி வளர்ப்போர் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர். அது ஏன் என்பதை அறியவே பெர்த்தோல்டு முனைந்தார். 1848ஆம் ஆண்டில் அவர் ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். இரண்டின் விதைகளை முற்றிலும் நீக்கினார். ஏனையவற்றில், பழைய இடத்திலிருந்து பிரிக்கப்பட்ட விதையொன்று வயிற்றறைக்குள் தங்குமாறு செய்தார். சில திங்கள் சென்றன. முதலிரண்டும் சாதுவாகித் தலைதாழ்ந்து திரிந்தன. மற்றவையோ செந்நிறக் கொண்டையுடன் கூவின, ஒன்றோடொன்று பொருதன.

பின்னர் அவற்றை அறுத்து ஆராய்ந்தபோது, இடம்மாறிய விதை குடலின்மேல் ஒட்டி வளர்ந்திருப்பதையும், அதனுள் புதிய இரத்தக் குழாய்கள் ஓடுவதையும் பெர்த்தோல்டு கண்டார். பழைய நரம்புத் தொடர்பு அறுந்தபின்னும் சேவல் சேவலாகவே இருந்தமையால், விதையின் ஆற்றல் இரத்தத்தின் வழியாகவே உடலெங்கும் செல்கிறது என்று முடிவு செய்தார். 1849இல் இதனை நான்கே பக்கங்களில் வெளியிட்டார். அறிஞருலகம் அதனை அரை நூற்றாண்டுக்கு மேல் பொருட்படுத்தவில்லை. இத்தகைய பொருள்களுக்கு ‘ஹார்மோன்’ என்ற பெயரே 1905ஆம் ஆண்டில்தான் இடப்பட்டது.

1927இல் சிக்காகோவில் ஃபிரெட் கோக் என்ற பேராசிரியரும் லெமுவெல் மெக்கீ என்ற அவருடைய மாணவரும் காளையின் விதையிலிருந்து சத்தினைப் பிரித்தெடுத்தனர். அதில் ஆற்றல் உண்டா என்பதை எதைக்கொண்டு அளந்தார்கள் தெரியுமா? விதை நீக்கிய சேவலின் கொண்டையைக் கொண்டேயாம். சத்தினை ஊசிவழி செலுத்தியதும் வாடிய கொண்டை மீண்டும் வளர்ந்தது. 1935இல் அப்பொருள் தூய நிலையில் பிரிக்கப்பட்டு ‘டெஸ்டோஸ்டிரோன்’ என்று பெயர் பெற்றது. இன்று மருத்துவர் பல நோய்களுக்கு ஹார்மோன்களைக் கையாளுகின்றனர். அக்கலையின் தொடக்கத்தில் ஆறு சேவல்கள் நிற்கின்றன.

சினத்தின் ஊற்று இரத்தத்தில் இருப்பது தெரிந்தது. அது யார்மேல், எப்பொழுது பாய்கிறது என்பதைக் கண்டவர் நார்வே நாட்டு டோர்லீஃப் ஷெல்டெரூப்-எபே. அவர் சிறுவனாக இருந்தபோதே கோழிகளின் அருகில் அமர்ந்து, எது எதைக் கொத்துகிறது, எது விலகிச் செல்கிறது என்று குறித்து வைத்தார். ஒரு கோழி மற்றெல்லாவற்றையும் கொத்துகிறது. அடுத்தது முதற்கோழியைத் தவிர மற்றவற்றைக் கொத்துகிறது. இறுதியில் உள்ளது எல்லாவற்றிடமும் கொத்துப்படுகிறது. இந்த வரிசை ஒருமுறை அமைந்துவிட்டால் கூட்டத்தில் அமைதி நிலவும். புதிய பறவை புகுந்தால் அமைதி குலையும். 1920களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட இவ்வுண்மை, விலங்குகளின் சமூக வாழ்வை ஆராயும் துறைக்கு அடிப்படையாயிற்று.

இனிப் பிணியின் வரலாற்றுக்கு வருவோம். சினத்தைப் போலவே பிணியையும் நாம் நெடுங்காலம் விதியென்றே எண்ணியிருந்தோம். 1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகர்ப்பகுதியிலும் ஒரு கொள்ளைநோய் கோழிகளை மடியச் செய்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலைச் சாரலில் உள்ள ராணிக்கேட்டில் அது கண்டறியப்பட்டது. ஆதலால் நம் நாட்டில் அதற்கு ராணிக்கேட் நோய் என்று பெயர். நம் கிராமத்தார் வெள்ளைக் கழிச்சல் என்பர். இன்று இரை தின்ற கோழி நாளை கழுத்தை முறுக்கி வீழும். சில நாட்களில் ஊர்க்கோழிகளுள் பெரும்பகுதி அழியும். ஐந்தாறு கோழிகளையே சேமிப்பாகக் கொண்ட ஏழைத் தாய்க்கு இது வீடு இடிந்ததை ஒக்கும்.

நோய் வந்தபின் இதற்கு மருந்து இல்லை, தடுப்பு உண்டு. முக்தேசுவரத்துக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் 1940களில் உருவான தடுப்பூசி நாடெங்கும் பரவியது. ஆனால் குளிர்ப்பெட்டி இல்லாத சிற்றூரில் ஊசிமருந்து வெப்பத்தால் கெட்டுவிடும். எனவே வெப்பம் தாங்கும் சொட்டு மருந்துகளை அறிஞர் பின்னாளில் ஆக்கினர். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமோ, புறக்கடைக் கோழிகள் தீனியைப் போல உண்ணும் குருணை வடிவிலேயே தடுப்பு மருந்தினைச் செய்தளித்தது.

இவ்வரலாறு கோழி வளர்ப்போர்க்குக் கற்பிப்பது யாது? ஏறத்தாழப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். மிகுந்தால் சேவல்கள் பொருது குருதி சிந்தும், பெட்டைகளின் முதுகு சிறகிழக்கும். சந்தையில் வாங்கிய பறவையை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்தல் வேண்டும். அதனால் நோய் பரவாது. பின்னர்ச் சில நாள் வலைத்தடுப்புக்கு அப்பால் வைத்துப் பழக்கினால், கொத்தும் வரிசையும் பெரிதும் குலையாது. தடுப்பு மருந்தை நலமாயுள்ள பறவைக்கே தருக. பாய்ந்துவரும் சேவலை உதைக்க வேண்டா. உதையை அது போருக்கு அழைப்பாகவே கொள்ளும். சிறு குழந்தைகளை அதனருகே தனியே விடலாகாது. கூர்மையான கால்முள்ளின் நுனியை மட்டும் அராவி மழுக்கலாம். உட்புறம் குருதியோடும் உயிர்ப்பகுதியாகும். மிகக் கொடிய சேவலின் முட்டைகளை அடைவைக்காதிருத்தல் நன்று. குணமும் ஓரளவு வழிவழியாக வருவதே. முரட்டுச் சேவல் திடீரென அடங்கி ஒதுங்கினால் மகிழ வேண்டா. கொண்டை வெளுத்திருக்கிறதா, கருத்திருக்கிறதா, சிறகடியில் பேன் உண்டா என்று பாருங்கள்.

சேவலின் சினத்தைப் பந்தயப் பொருளாக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளையும் பறவைகளையும் மோதவிடுவதைக் குற்றமென்கிறது. சட்டத்தினும் வலியது அறிவு. அச்சினத்தின் காரணத்தை அறிந்தவனுக்கு அதைத் தூண்டிவிட்டு வேடிக்கை பார்க்க மனம் வராது.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கோழிகள் இருப்பின், ஒரு திங்கள் காலந்தோறும் அவற்றைக் கவனியுங்கள். எது எதைக் கொத்துகிறது, எது முதலில் இரையெடுக்கிறது என்று நாள்தோறும் எழுதி வாருங்கள். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். நார்வே நாட்டுச் சிறுவனிடம் இருந்தவையும் ஏறக்குறைய அவையே.