காட்டிலிருந்து ஒரு குரல், விண்ணில் ஒரு காது

1972 அக்டோபர் 16. அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குக் கிளம்பிய சிறு விமானம் ஊர் போய்ச் சேரவில்லை. அமெரிக்கக் கீழவையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹேல் பாக்ஸ் உட்பட நான்கு பேர் அதில் இருந்தார்கள். 39 நாள் சலித்துத் தேடியும் விமானத்தின் ஒரு துண்டுகூட அகப்படவில்லை.

அந்த ஆண்டுகளில்தான் சிறு விமானங்களில் அபாய ஒலிபரப்பி கட்டாயமாயிற்று. விழுந்த அதிர்ச்சியிலேயே இயங்கத் தொடங்கி 121.5 மெகாஹெர்ட்ஸில் கூப்பிடும் கருவி அது. கூப்பிட்டு என்ன பயன்? கேட்பதற்குப் பக்கத்தில் இன்னொரு விமானம் பறக்க வேண்டுமே!

செயற்கைக்கோளைக் கேட்க வைக்கலாம் என்று 1979-இல் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் நான்கும் கைகோத்தன. பனிப்போர்க் காலத்தில் இது சாதாரண விஷயமல்ல. நெருங்கும் ரயிலின் ஊதல் ஓங்கி, கடந்ததும் தணிகிறதல்லவா? அதுபோல, கோள் கடந்து செல்லும்போது அலைவரிசையில் தெரியும் மாற்றத்தைக் கணக்கிட்டே இடத்தைக் கண்டுபிடித்தார்கள். 1982 ஜூனில் முதல் கோளை ஏவியது சோவியத். செப்டம்பரிலேயே, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் விழுந்த விமானத்தின் குரலை அது பிடித்துக் கொடுத்தது. மூன்று பேர் பிழைத்தார்கள்.

இந்த வசதி கைப்பேசிக்கு வர நாற்பது ஆண்டுகள் ஆயின. 2022 நவம்பரில் ஐபோன் 14-இல் ஆப்பிள் இதைத் தொடங்கியது. திறந்த வெளியில் நின்று, திரை காட்டும் திசையில் போனைப் பிடிக்க வேண்டும். என்ன ஆபத்து, யாருக்குக் காயம் என்ற கேள்விகளுக்கான பதில்கள் சுருங்கிய செய்தியாகப் போகும். வானம் தெளிவாக இருந்தால் 15 விநாடி; மரங்கள் மறைத்தால் நிமிடக்கணக்கு. டிசம்பர் 1 அன்று, அலாஸ்காவில் நூர்விக்கிலிருந்து கோட்சபுவுக்குப் பனிவண்டியில் போய் நடுவழியில் சிக்கியவர் இப்படித்தான் மீட்கப்பட்டார். 62 டிகிரிக்கு வடக்கே வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிள் எச்சரித்திருந்த பகுதி அது.

இதில் மிகப் பெரிய மாற்றம் மறுமொழிதான். பழைய ஒலிபரப்பிகள் கூப்பிடும். யாராவது கேட்டார்களா என்று தவிப்பவருக்குத் தெரியாது. 2017 ஒக்கிப் புயலில் பிள்ளைகளைக் கடலில் இழந்த குமரிக் கரைக்கு அந்தத் தவிப்பின் கனம் புரியும். நம் மீன்பிடிப் படகுகளுக்கு 2010 முதல் இஸ்ரோ தந்துவந்த அபாயக் கருவியும் ஒருவழிப் பாதைதான். 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, அழைப்பு கிடைத்துவிட்டது என்று படகுக்கே பதில் அனுப்புகிறது. புளூடூத் வழியே போனோடு இணைத்தால், அந்தச் செய்தியை மீனவர் தன் மொழியிலேயே படிக்கலாம்.