இரண்டு கிழமையும் ஒரே கப்பலிலா, இரண்டு தடவையாகவா? உல்லாசக் கப்பற்பயணத்துக்குப் பணம் கட்டும் முன்

அம்மா யாழ்ப்பாணத்தில், மூத்த மகன் பாரிசில், மகள் ரொறன்ரோவில், கடைசி மகன் சுவிசில். இப்படிச் சிதறிய குடும்பம் ஒன்றுகூட நினைக்கும்போது உல்லாசக் கப்பலும் இப்போது பேச்சில் அடிபடுகிறது. யாருடைய வீட்டில் தங்குவது, யார் சமைப்பது, எத்தனை பேர் நிலத்தில் பாய் விரிப்பது என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. ஆளுக்கொரு அறை, நேரத்துக்குச் சாப்பாடு, மாலையில் எல்லோரும் ஒரே மேசையில். விலை விசாரிக்கத் தொடங்கியதும் முகவர் அநேகமாக ஒரு யோசனை சொல்வார்: "இவ்வளவு தூரம் வாறீங்கள், அடுத்த கிழமையையும் சேர்த்து எடுங்கோ."

கப்பல் உலகில் இதற்கு 'பேக்-டு-பேக்' என்று பெயர். ஒரு பயணம் காலையில் முடியும். அதே கப்பல் அன்று மாலையே அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு புறப்படும். நீங்கள் இரண்டுக்கும் பணம் கட்டியிருந்தால் இறங்கிப் போகாமல் தொடர்வீர்கள். இக்கட்டுரையில் இதைத் தொடர் பயணம் என்போம். மற்ற வழி, இந்த வருடம் ஒரு கிழமை, அடுத்த வருடம் இன்னொரு கிழமை என்று இரண்டாகப் பிரித்துப் போவது.

பணக் கணக்கு மட்டும் என்றால் தொடர் பயணமே பெரும்பாலும் வெல்லும். கப்பற் கட்டணம் இரண்டு வழியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கப்பலடிக்குப் போய்ச் சேரும் செலவில்தான் வித்தியாசம் இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து இருவர் மியாமிக்குப் போகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விமானச்சீட்டு ஆளுக்கு 450 கனடிய டொலர், முதல்நாள் இரவு விடுதிக்கு 250, வாடகைக் கார் முதலியவற்றுக்கு 120 என வைத்தால் மொத்தம் 1,270 டொலர். இரண்டு தடவை போனால் 2,540. தொடர் பயணத்தில் இதில் பாதி மிச்சம். கொழும்பிலிருந்து பார்சிலோனாவுக்கு ஒருவரை அழைப்பதென்றால் மிச்சம் இன்னும் பெரிது. ஆனால் பணியாளருக்கான அன்பளிப்புப் பணம் குறைவதில்லை. பெரிய அமெரிக்கக் கப்பல்களில் அது ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டொலர் வரை கணக்கில் ஏறும். 18 டொலர் என்று வைத்தாலும் இருவருக்கு 14 நாளில் 504 டொலர். விளம்பர விலையில் இது பெரும்பாலும் இருக்காது.

விடுமுறைக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். ஒன்ராரியோச் சட்டப்படி ஐந்து வருடத்துக்குக் குறைவாக வேலை செய்த ஒருவருக்கு ஆண்டுக்கு இரண்டு கிழமைதான் குறைந்தபட்ச விடுமுறை. அதன்பின் மூன்று. பிரான்சில் ஐந்து கிழமை. தொழிற்சாலையிலோ களஞ்சியத்திலோ வேலை செய்யும் ரொறன்ரோ மகள் தொடர் பயணம் எடுத்தால் அந்த வருட விடுமுறை முழுவதும் கப்பலோடு போய்விடும். ஊரில் ஒரு செத்தவீடு என்றாலும் சம்பளமில்லாமல்தான் நிற்கவேண்டும். பாரிஸ் மகனுக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே முழுக் குடும்பத்துக்கும் ஒரே திட்டம் போடுவது தேவையற்ற பிடிவாதம். இதற்குப் பிறகு வருவோம்.

கடவுச்சீட்டும் விசாவும்

எங்கள் ஆட்கள் விலையைப் பார்க்கும் முன் பார்க்கவேண்டியது இதைத்தான்.

மத்தியதரைக் கடலில் ஒரு கிழமைப் பயணம் கிரேக்கத் தீவுகளுக்குள்ளேயே முடியலாம். அதே கப்பலின் அடுத்த கிழமை துருக்கியின் குசாதாசிக்குப் போய்வரலாம். கிரேக்கம் ஷெங்கன் வலயத்தில் இருக்கிறது, துருக்கி இல்லை. ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய ஷெங்கன் விசாவோடு இலங்கைக் கடவுச்சீட்டில் வரும் அம்மாவுக்கு முதல் கிழமை சிக்கல் இல்லை. இரண்டாம் கிழமையில் துருக்கி போய்த் திரும்புவது புதிய நுழைவாகும். பல முறை நுழையும் விசா இல்லையென்றால் கப்பல் நிறுவனம் அவரை ஏற்ற மறுக்கலாம். தொடர் பயணத்துக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு கிழமைகளின் துறைமுகப் பட்டியலையும் இணைத்து, பல முறை நுழைவு வேண்டும் என்று கேளுங்கள். விசாவுக்கான பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும், எல்லா நாட்களையும் மூடவேண்டும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சில வேளை 45 நாள் வரை இழுக்கும். கப்பலுக்கு முழுப்பணம் கட்டும் கடைசித் திகதி பெரும்பாலும் புறப்படுவதற்கு 75 முதல் 120 நாட்கள் முன்பாக இருக்கும். எனவே ஆறாம் மாதமே விண்ணப்பித்தால் பணம் முழுவதையும் கட்டும் முன் விசா கிடைக்குமா இல்லையா என்று தெரிந்துவிடும். தாமதித்தவர்கள்தான் மாட்டுப்படுகிறார்கள். விசா மறுக்கப்பட்டால் தொடர் பயணத்தில் இரண்டு கிழமைக் காசும் ஒரேயடியாகப் போகும். வாழ்நாளில் முதன்முறை ஐரோப்பிய விசாவுக்கு விண்ணப்பிக்கும் ஒருவருக்காக இரண்டு கிழமை எடுப்பது என் கணிப்பில் புத்திசாலித்தனம் அல்ல. முதலில் ஒரு கிழமை போய், விசா விதிப்படி ஒழுங்காகத் திரும்பிய பதிவு கடவுச்சீட்டில் இருக்கட்டும். இரண்டாவதை அடுத்த வருடம் எடுக்கலாம்.

மியாமியிலிருந்து கரீபியன் கடலுக்குப் போகும் கப்பல்களிலும் இதே சங்கதிதான். கனடியக் குடியுரிமை உள்ளவருக்கு அமெரிக்க விசா தேவையில்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு கனடாவில் நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவருக்குத் தேவை. முதல் பயணம் முடிந்து மியாமிக்குத் திரும்புவது ஒரு நுழைவு, இரண்டாவது முடிந்து திரும்புவது இன்னொரு நுழைவு.

அகதிகளுக்கான பயண ஆவணத்தில் செல்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அது கடவுச்சீட்டு அல்ல. உங்கள் நண்பர் பிரித்தானியக் கடவுச்சீட்டோடு விசா இல்லாமல் இறங்கும் துறைமுகத்தில் உங்களுக்கு விசா தேவைப்படலாம். தொடர் பயணத்தில் துறைமுகங்கள் இரட்டிப்பாவதால் விசாரிக்கவேண்டிய நாடுகளும் கூடுகின்றன.

இதில் ஒரு பொறி உண்டு. டுபாயில் குளிர்காலத்தைக் கழிக்கும் கப்பல்கள் சிங்கப்பூருக்கு இடம்மாறும்போது மும்பை, கொச்சி, கொழும்பு வழியாகப் போவது வழக்கம். வளைகுடாவில் ஒரு கிழமையும் அதைத் தொடர்ந்து இந்த நீண்ட பயணமும் சேர்த்து மலிவாக விற்கப்படும்போது கொழும்பு என்ற பெயர் பட்டியலில் ஒரு வரியாகக் கிடக்கும். கனடாவில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு இன்னும் குடியுரிமை பெறாதவர், தானாக விரும்பித் தாய்நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினார் என்று முடிவானால் அகதி நிலையை இழக்கலாம். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமாற்றத்துக்குப் பிறகு நிரந்தர வதிவிடமும் அதோடு சேர்ந்து போகும். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும் இந்தக் கேள்வியை எழுப்பக்கூடும். சுற்றுலாவுக்காகச் சில மணி நேரம் கரையிறங்குவதும் இதில் எப்படிப் பார்க்கப்படும் என்பதை முகவரிடம் கேட்காமல் குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இரண்டு பயணங்களுக்கும் நடுவில் ஒரு நாள்

தொடர் பயணம் எடுத்தவர் அந்த மாறும் நாளில் அறையிலேயே தூங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கத் துறைமுகங்களில் அது நடக்காது. புதியவர்களை ஏற்றும் முன் கப்பலில் ஒரு பயணியும் இல்லை என்று கணக்குக் காட்டவேண்டும். தொடர்பவர்களை ஒரு மண்டபத்தில் கூட்டி, குடிவரவு வழியாக வெளியே கொண்டுபோய், அனுமதி கிடைத்ததும் திரும்ப ஏற்றுவார்கள். இரண்டு பயணத்துக்கும் ஒரே அறை இலக்கம் கிடைத்தால் பொருட்களை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். அறை மாறினால் பெட்டி கட்டவேண்டும். பல கப்பல்களில் பாதுகாப்பு ஒத்திகையும் மீண்டும் ஒருமுறை உண்டு.

அமெரிக்கச் சட்டம் ஒன்றும் குறுக்கே வரும். 1886 இல் இயற்றப்பட்ட பயணிகள் கப்பற் சேவைச் சட்டத்தின்படி, வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க முடியாது. இடையில் தூரத்து வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றுக்குப் போயிருக்கவேண்டும். கனடா, மெக்சிக்கோ, பஹாமாஸ் எல்லாம் 'கிட்டிய' துறைமுகங்களாகவே கணக்கிடப்படும். மியாமியில் ஏறி மியாமியில் இறங்கும் இரண்டு பயணங்களைத் தொடுப்பதில் பிரச்சினையில்லை. ஆனால் லொஸ் ஏஞ்சல்ஸ் – வான்கூவர் ஒரு பயணம், அதே கப்பலில் வான்கூவர் – சியாட்டில் இன்னொன்று என்று தொடுத்தால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் லொஸ் ஏஞ்சல்சிலிருந்து சியாட்டிலுக்குப் போனவர். தனித்தனியே இரண்டும் சரி, சேர்த்தால் பிழை. வலைத்தளத்தில் இரண்டையும் நீங்களே பதிவுசெய்துவிட்டு, பிறகு இரத்து என்று கடிதம் வரும்வரை காத்திருக்கவேண்டாம்.

இரண்டாம் கிழமை சலிக்குமா? சாப்பாட்டுப் பட்டியலும் இரவு நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் ஏழு நாள் சுற்றில் திரும்ப வரும். மியாமியிலிருந்து புறப்படும் சில பெரிய கப்பல்கள் ஒரு கிழமை கிழக்குக் கரீபியன், மறு கிழமை மேற்குக் கரீபியன் என்று மாறிமாறிப் போகின்றன. 2024 ஜனவரியில் முதற்பயணம் போன 'ஐகன் ஒஃப் த சீஸ்' அப்படியொன்று. அங்கே தொடுப்பதில் பொருள் இருக்கிறது. மேற்கு மத்தியதரைக் கடலில் பல கப்பல்கள் அதே வட்டத்தையே மீண்டும் சுற்றும். ஊர் பார்க்க வந்தவருக்கு அது வீண். ஆட்களைப் பார்க்க வந்தவருக்கு அப்படியல்ல.

ஒருவர் இரண்டு கிழமை, மற்றவர் ஒரு கிழமை

தொடர் பயணத்தின் மிக நல்ல பயன் என்று எனக்குப் படுவது, எல்லோரும் 14 இரவும் இருக்கத் தேவையில்லை என்பதுதான். விசா கையில் உள்ள, உடம்பு இடங்கொடுக்கும் அம்மா இரண்டு கிழமையும் இருக்கட்டும். முதல் கிழமை ரொறன்ரோ மகள், இரண்டாம் கிழமை பாரிஸ் மகன் வந்து சேரலாம். மேற்கு மத்தியதரைக் கடலில் ஓடும் எம்எஸ்சி, கொஸ்ரா கப்பல்கள் பல துறைமுகங்களில் பயணிகளை ஏற்றுகின்றன. பாரிசிலிருந்து மார்செய்க்கு அதிவேக ரயிலில் மூன்றரை மணிநேரத்துக்குள் போய் ஏறலாம். சுவிசிலிருந்து மிலான் வழியாக ஜெனோவாவுக்கு ரயிலில் வரலாம். ஊரிலிருந்து வருபவர் பார்சிலோனாவில் ஏறலாம். ஒரே நாளில் எல்லோரும் விமானநிலையத்தில் கூடவேண்டிய அவசியமில்லை.

ஊரில் உள்ளவருக்கு ஐரோப்பிய விசா கடினம் என்றால் சிங்கப்பூரை யோசியுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே சுற்றுலா விசா தேவையில்லை. அங்கிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் உண்டு. இரண்டைத் தொடுத்தாலும் ஒரு கிழமைதான். கப்பல் மலேசியாவுக்குப் போனால் அதற்கு விசா வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

உடம்பும் மனமும்

உடலில் செல் துண்டோ உலோகத் தகடோ உள்ளவர்கள் ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் கப்பலுக்குத் திரும்பும்போது உலோகச் சோதனையைத் தாண்டவேண்டும். இரண்டு கிழமையில் பத்துத் தடவையாவது வரும். வைத்தியரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் விளக்கும் பாடு குறையும். பாதுகாப்பு ஒத்திகையின்போது ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியுமாகச் சங்கு ஊதும். சைரன் சத்தத்துக்கு இன்னும் திடுக்கிடுபவருக்கு நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடலே சிலருக்கு விடுமுறை அல்ல. 2009 ஒக்டோபரில் 'ஓசன் லேடி' 76 பேருடனும், 2010 ஆகஸ்டில் 'சன் சீ' 492 பேருடனும் அடைந்த பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையிலிருந்துதான் இன்று அலாஸ்காவுக்கு உல்லாசக் கப்பல்கள் புறப்படுகின்றன. அப்படிப்பட்ட பயணத்தைக் கடந்து வந்தவரையும், வள்ளத்தில் உயிர் தப்பியவரையும் பிள்ளைகள் ஆசையோடு 14 இரவுக்கு அழைத்துப் போகும் முன் ஒரு தடவை கேட்கவேண்டும். மூன்று இரவுப் பயணம் ஒன்றில் பார்த்துவிடலாம். சாளரமில்லாத உள்ளறை மலிவுதான், ஆனால் அவருக்கு அது வேண்டாம்.

காப்புறுதியில் ஒரு நுணுக்கம். கடனட்டையோடு வரும் பயண மருத்துவக் காப்புறுதி பலவற்றில் 15 நாளுக்கே செல்லும், 65 வயது தாண்டியவருக்கு அதைவிடக் குறைவு. 14 இரவுப் பயணத்துக்கு முதல்நாளே மியாமி போய்ச் சேர்ந்தால் வீடு திரும்பும் நாள் பதினாறாவது. ஒன்ராரியோவின் ஓஹிப் வெளிநாட்டு மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் நாளொன்றுக்குத் தருவது ஆகக்கூடியது 400 டொலர். கப்பல் வைத்தியரும் கட்டணம் அறவிடுவார். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை இருபது நாளுக்காவது கொண்டுபோங்கள், பெட்டியில் போடாமல் கைப்பையில்.

பதிவுசெய்யும்போது 14 இரவை ஒரே பயணமாகக் கேட்டும், ஏழேழாகக் கேட்டும் இரண்டு விலையையும் ஒப்பிடுங்கள். எது மலிவு என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். சிறு வித்தியாசம்தான் என்றால் இரண்டு பதிவாக எடுத்து, ஒரே அறை இலக்கத்தைக் கேட்டு, இரண்டையும் நிறுவனத்தின் கணினியில் இணைக்கச் சொல்லுங்கள். விசாவோ விடுமுறையோ கைகொடுக்காமல் இரண்டாம் கிழமையை விடவேண்டி வந்தால் முதல் கிழமை பாதிக்கப்படாது என்பதையும், முற்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் முகவரிடம் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.