கத்தி விழுங்கியவனும் காமிரா மாத்திரையும்

கத்தி விழுங்கும் வித்தையைத் திருவிழாக்களில் கண்டவர் நம்மில் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மேடைகளில் இவ்வித்தையால் பெயர் பெற்றவர் ராமோ சாமி. இராமசாமி என்னும் பெயரே ஆங்கிலேயர் வாயில் இவ்வாறு திரிந்தது போலும்!

வேடிக்கையாக நின்ற இவ்வித்தையை மருத்துவத்திற்குப் பயன்படுத்தியவர் ஜெர்மானிய டாக்டர் குஸ்மால். 1868-ல் கத்தி விழுங்குபவன் ஒருவனை அழைத்து, 47 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான குழாயை விழுங்கச் செய்தார். குழாய் இறங்கிற்று; விளக்கொளிதான் போதவில்லை. மேலும், வித்தையறியாத நோயாளி அதைத் தாங்குவது எங்ஙனம்?

விடை கண்ணாடி இழையில் கிடைத்தது. இழைக்கற்றை வளைந்தாலும் உருவத்தைக் கடத்தும் என்பதைப் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஹாப்கின்ஸ் என்பாரும் 1954-ல் வெளியிட்டனர். அதைப் படித்த டாக்டர் ஹிர்ஷோவிட்ஸ் அமெரிக்காவில் வளையும் கருவி செய்து, 1957-ல் முதலில் தாமே விழுங்கினார். பிறர் தொண்டையைச் சோதிக்குமுன் தம் தொண்டையை நீட்டிய அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

2000-ல் இஸ்ரேலியப் பொறியாளர் இடான் குழுவினர் குழாயே இல்லாத காமிரா மாத்திரையை அறிவித்தனர். சிறுகுடலில் அது மணிக்கணக்கில் ஊர்ந்து படமெடுக்கும். உணவுக்குழலிலோ சில விநாடிகளில் நழுவிவிடும். இதற்கென இருமுனையிலும் காமிரா கொண்ட மாத்திரை 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆயினும் ஐயமுள்ள இடத்தில் அதை நிறுத்த இயலாது. ஆகவே மாத்திரைக்குக் கயிறு கட்டினார்கள்! 2013-ல் பாஸ்டன் நகரில் டியர்னி குழுவினர், மெல்லிய கம்பியில் தொங்கும் மாத்திரையை ஏற்றியிறக்கி, மயக்க மருந்தின்றிச் சில நிமிடங்களில் குழலின் சுவரைப் படமெடுத்தனர். இங்கிலாந்தின் குடும்ப டாக்டர் நிலையங்களில், நூல் கட்டிய பஞ்சை மாத்திரைக்குள் அடைத்து விழுங்கச் செய்து, செல்களைத் துடைத்தெடுத்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளிவந்தது.

இங்கே ஒன்றை நோக்கவேண்டும். பாஸ்டனிலும் இங்கிலாந்திலும் தேடியது, இரைப்பை அமிலம் மேலேறுவதால் குழலின் அடியில் நேரும் மாற்றம். நம்மவரை வாட்டுவது வேறு. வெற்றிலையைப் புகையிலையோடு மெல்வது வாயில் மட்டுமன்றி உணவுக்குழலிலும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் உறுதி செய்தது. பாக்கின் பெயரையே தாங்கிய இப்பினாங்கு மாநிலத் தோட்டங்களில் வெற்றிலைப் பையின்றி நடமாடாத பாட்டிமார் எத்தனை பேர்! இத்தகைய புற்றுநோயைத் தேடியவர் சீனாவின் லின்சியான் வட்டாரத்தார். 20-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே வலை சுற்றிய பலூனை விழுங்கச் செய்தனர்.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது எந்தக் கிளினிக்கிலும் ஆகும். அதற்குக் கீழே பார்க்கப் பெரிய மருத்துவமனைக்கே போகவேண்டும். "சோறு இறங்கவில்லை" என்று பாட்டி சொல்லும் நாளில், குழல் பெரும்பகுதி அடைபட்டிருக்கும்.