வாய்கள் கூடினதாலா வயிறு காய்ந்தது?

"சனம் பெருத்துப் போச்சு, பிறகு எப்படிச் சாப்பாடு காணும்?" அரிசி விலை ஏறும் ஒவ்வொரு முறையும் எங்கட ஊர்களில் இந்தக் கதை வரும். இது புதுக் கதை இல்லை. 1798இல் தோமஸ் மால்தஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதையே கோட்பாடாக எழுதினார். சனத்தொகை பெருக்கலில் ஏறும், உணவு கூட்டலில்தான் ஏறும். மிஞ்சுகிற வாய்களைப் பஞ்சமும் நோயும் குறைத்துவிடும் என்பது அவர் கணக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எங்கட தீவின் கதையை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1946இல் இலங்கையில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம், அடுத்த வருஷமே 14 அளவுக்கு விழுந்தது. டி.டி.ரி. தெளித்து மலேரியாவை அடக்கியது, இலவச வைத்தியசாலைகள், 1942இல் யுத்தகாலத்தில் தொடங்கிய கூப்பன் அரிசி எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. 1946இல் 66 இலட்சமாக இருந்த சனம் 1953இல் 81 இலட்சமானது. அந்நேரம் எங்கட அரிசித் தேவையில் ஏறத்தாழ பாதி கப்பலில்தான் வந்தது. மால்தஸ் சொன்னது சரியெண்டால் இங்கதான் பஞ்சம் வந்திருக்க வேணும்.

வந்தது பஞ்சமல்ல, ஹர்த்தால். கொரிய யுத்தகால இறப்பர் வருமானம் விழுந்து கஜானா காய்ந்தபோது, டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்து அரிசியை 70 சதமாக்கியது. 1953 ஓகஸ்ட் 12இல் நாடு ஸ்தம்பித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. இரண்டு மாதத்தில் டட்லி பதவி விலகினார். அன்று சனம் கேட்டது அரிசி இருக்கா எண்டு இல்லை. எங்களுக்கு அது எட்டுமா எண்டுதான்.

அதன் பிறகு விளைச்சலும் கூடியது. 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடையில் உருவான எச்-4 நெல், பின்னர் வந்த புதிய இனங்கள், உரம், நீர்ப்பாசனம் எல்லாம் சேர்ந்தன. 1950களின் தொடக்கத்திலிருந்து 2020 வரை சனத்தொகை மூன்று மடங்கைக்கூடத் தொடவில்லை. நெல் விளைச்சல் ஆறு மடங்குக்கு மேல் ஏறியது. ஆனால் அந்த நெல்லுக்கும் ஒரு விலை இருந்தது. நெல்லுக்கெண்டு திறந்த கல்லோயாக் குடியேற்றம் கிழக்கின் சனப்பரம்பலை மாற்றியது. 1956இல் அங்கே தமிழர்கள் கொல்லப்பட்டார்கள்.

மால்தஸின் கணக்குக்குள் அடங்காத வருஷம் 1974. எண்ணெய் விலையும் உலகச் சந்தையில் தானிய விலையும் ஏறியிருந்தன. அந்நியச் செலாவணி இல்லை, கூப்பன் பங்கு வெட்டப்பட்டது. இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்தில் மிளகாய், வெங்காயம் செய்த கமக்காரர் நல்லாச் சம்பாதித்தார்கள். அதே நேரத்தில் மலையகத் தோட்டங்களில் இறப்பு வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிக மோசமாக ஏறியது. ஒரே தீவு, ஒரே சனத்தொகை. ஒரு பக்கம் கையில் காணி இருந்தது. மற்றப் பக்கம் காணியும் இல்லை, 1948க்குப் பிறகு பெரும்பாலானோருக்குக் குடியுரிமையும் இல்லை. பசி ஆளைப் பார்த்துத்தான் வந்தது.

அமர்த்தியா சென் 1981இல் எழுதியதும் இதைத்தான். உணவு இருந்தாலும், அதை வாங்கவோ விளைவிக்கவோ வழியில்லாதவர் பட்டினி கிடப்பார்.

2021இல் இதை நாங்களே பார்த்தோம். ஏப்ரலில் இரசாயன உரத்துக்குத் தடை, நவம்பரில் அது வாபஸ். 2022இல் நெல் விளைச்சல் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. டொலரும் இல்லாமல் போக, அந்த செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. அந்த ஒரு வருஷத்தில் சனம் அப்படி என்ன பெருகிவிட்டது?

சனத்தொகை ஒரு பொருட்டே இல்லை எண்டு நாங்கள் சொல்லவில்லை. காணிக்கும் தண்ணிக்கும் எல்லை உண்டு. ஆனால் "சனம் கூடிப்போச்சு" எண்டு சொல்லும்போது, காணி யாரிடம், விலையை யார் தீர்மானிச்சது, முதலில் யாருடைய பங்கு வெட்டப்பட்டது என்ற மூன்று கேள்விகளும் மறைந்து போகின்றன. அடுத்த முறை தேநீர்க்கடையில் இந்தக் கதை வரும்போது, 1974இல் தோட்டங்களில் செத்தவர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.