சட்டசபையிலிருந்து நீதிபீடத்துக்கு

1952-இல் அமைந்த சென்னைச் சட்டசபையில் 375 ஸ்தானங்கள் இருந்தன. சித்தூரும் திருப்பதியும் அன்று சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தவை. மேற்குக் கடற்கரையின் மலபாரும் அவ்வாறே. அம்மலபாரின் கூத்துப்பறம்புத் தொகுதியிலிருந்து சுயேச்சையாக வந்தவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவர். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்றவர். தலைச்சேரியில் வக்கீலாக இருந்தபோது, கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948-இல் ஒரு மாதம் சிறையிலும் இருந்தவர்.

1953 அக்டோபர் முதல் தேதி சித்தூர் ஜில்லா ஆந்திர ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1956-இல் மலபார் கேரளத்தோடு இணைந்தது. மறு ஆண்டு அமைந்த கேரள மந்திரிசபையில் சட்ட இலாகாவும் சிறை இலாகாவும் கிருஷ்ணய்யரிடம் வந்தன. 1968-இல் கேரள ஹைகோர்ட்டு நீதிபதியானார்; 1973-இல் சுப்ரீம் கோர்ட்டு.

அரசியலில் ஊறியவர் நடுநிலை காப்பாரா என்று சிலர் ஐயுற்றனர். அவ்வையத்தை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆயின் 1975 ஜூன் 24-இல், இந்திரா காந்தி பிரதமராக நீடிக்கலாம், லோக் சபையில் வோட்டளிக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்துத் தீர்த்தவரும் அவரே.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கோ, 1978-இல் அவர் அளித்த வேறொரு தீர்ப்பே நெருக்கமானது. மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்னும் கொத்தனார் ஒருவர். சுப்ரீம் கோர்ட்டு ஜாமீன் வழங்கியும், மாஜிஸ்திரேட்டு பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார். கொத்தனாரிடம் பத்தாயிரம்! அண்ணன் தம்பி முறையில் ஒருவர் பிணை நிற்க முன்வந்தார். அவர் சொத்து வேறு ஜில்லாவில் உள்ளது என்று அதுவும் தள்ளுபடியாயிற்று.

கிருஷ்ணய்யர் இதைப் பொறுக்கவில்லை. ஒரு தமிழரோ ஆந்திரரோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ வழக்கில் சிக்கினால், அவ்வூரில் சொத்துள்ள பிணையாளிக்கு எங்கே போவார் என்று கேட்டார். வேற்று மொழியில் எழுதிய மனுவை ஒதுக்க எந்தச் சட்டம் சொல்கிறது என்றும் வினவினார்.

திருப்பதியில் கூலி வேலை செய்யும் தமிழர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். உறவினரின் காணி அரக்கோணத்தில்; பத்திரமோ தமிழில். நடுவே மாநில எல்லை. உள்ளூர்ச் சொத்துத்தான் வேண்டும் என்றால், குற்றம் ருசுவாகு முன்னரே அவர் சிறையில் கிடக்க வேண்டியதுதான். சிறையை உள்ளிருந்தும் மந்திரியாகவும் அறிந்தவருக்கு இது விளங்காமற் போகுமா?

மோதிராமை ஆயிரம் ரூபாய்க்குச் சொந்த ஜாமீனில் விடுமாறு உத்தரவாயிற்று.